பேரரசர் முகமும் வெள்ளியின் எடையும்

கி.பி. 54 டிசம்பரில் ரோமில் அச்சான தங்கக் காசு ஒன்றில் இரண்டு முகங்கள் எதிரெதிரே நோக்குகின்றன. இடப்பக்கம் பதினாறு வயதுப் பேரரசர் நீரோ. வலப்பக்கம் அவருடைய தாய் அக்ரிப்பினா. மூக்கோடு மூக்கு உரசிவிடும் நெருக்கம். இரண்டு தலைகளும் ஏறக்குறைய ஒரே அளவு. விளிம்பைச் சுற்றியுள்ள எழுத்துகளைப் படித்தால் இன்னொன்று புலப்படும். முகங்கள் இருக்கும் முன்புறத்தில் பொறித்திருப்பது தாயின் பெயர்: தெய்வமாகிவிட்ட கிளாடியஸின் மனைவி, நீரோ சீசரின் தாய், அகஸ்டா அக்ரிப்பினா. பேரரசரின் பெயரைப் பார்க்கக் காசைத் திருப்ப வேண்டும்.

அடுத்த ஆண்டுக் காசில் இருவரும் ஒரே திசையில் பார்க்கிறார்கள். நீரோ முன்னால் நிற்கிறார். தாயின் நெற்றியும் மூக்கும் மட்டும் அவருக்குப் பின்னாலிருந்து மெல்லிய கோடாகத் தெரிகின்றன. பெயர்களும் இடம் மாறிவிட்டன: மகனுடைய பெயர் முன்புறம், தாயினுடையது பின்புறம். அதற்கடுத்து ரோம் நகரில் அச்சான காசுகளில் அக்ரிப்பினாவே இல்லை. கி.பி. 59இல் மகன் ஆள் ஏவித் தாயைக் கொன்றார்.

இந்தக் குடும்பப் பகையை வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் விரிவாக எழுதியிருக்கிறார். ஆனால் அவர் எழுதியபோது அரை நூற்றாண்டுக்கு மேல் கடந்துவிட்டது. நீரோவை வெறுத்தவர்கள் சொல்லிவந்த கதைகளும் அதில் கலந்திருக்கும். அரண்மனையில் யார் கை ஓங்கியிருந்தது என்பதை அந்தந்த ஆண்டே அரசு தன் கையால் உலோகத்தில் அடித்து வெளியிட்டிருப்பது காசில் மட்டுமே. அதனால்தான் ரோமானியக் காசுகளை அரசியல் ஆவணங்களாக எடுத்துப் படிக்கிறார்கள். படிக்கும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். நடந்தது என்ன என்பதற்குக் காசு சாட்சியாவது அரிது. ஆட்சியாளர் மக்களை எதை நம்பவைக்க விரும்பினார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. எதை மிக உரக்கச் சொல்கிறாரோ, பெரும்பாலும் அங்கேதான் அவருக்கு நடுக்கம்.

அச்சடித்த முறையைத் தெரிந்துகொண்டால் காசுகளைப் படிப்பது எளிதாகும். கீழ் அச்சைப் பட்டடையில் அசையாமல் பதித்திருப்பார்கள். பேரரசரின் தலை அதில் இருக்கும். மேல் அச்சு கையில் பிடிக்கும் தடித்த உளியைப் போன்றது. பின்புறப் படம் அதன் முனையில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே உலோக வில்லையை வைத்துச் சம்மட்டியால் ஓங்கி ஓர் அடி. படத்தையும் எழுத்தையும் இடவலம் மாற்றி, குழிவாகச் செதுக்க வேண்டியிருந்ததால், அச்சு செதுக்கியவர்கள் தேர்ந்த கைவினைஞர்கள். அடியை நேரடியாக வாங்குவது மேல் அச்சுதான் என்பதால் அது விரைவில் விரிசல் கண்டுவிடும். அடிக்கடி புதிது செதுக்கியாக வேண்டும். ஆகவே பின்புறத்தில் செய்தியை மாற்றிக்கொண்டே போவது கூடுதல் செலவில்லாத வேலை. முகம் நிலையாக இருக்க, மறுபக்கத்தில் இன்று ஒரு வெற்றி, நாளை ஒரு கோயில், அடுத்த ஆண்டு ஒரு தெய்வம் என்று மாறிவந்தது.

தினாரியஸ் என்ற வெள்ளிக் காசு முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் ஏறத்தாழ 3.9 கிராம் எடை. நம் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுச் சிறியது. 25 தினாரியஸ் சேர்ந்தால் ஒரு தங்க ஆரியஸ். படைவீரர் ஒருவரின் ஆண்டுச் சம்பளம் 225 தினாரியஸ், மூன்று தவணைகளில். அரசு புதிதாக அடித்த வெள்ளியில் பெரும்பகுதி முதலில் போய்ச் சேர்ந்தது படைமுகாம்களுக்குத்தான். ரைன் நதிக்கரையிலோ சிரியாவின் எல்லையிலோ காவல் நிற்கும் வீரர் தம் பேரரசரை வாழ்நாளில் ஒருமுறைகூட நேரில் பார்த்திருக்க மாட்டார். அவருக்குத் தெரிந்த பேரரசர் சம்பளக் காசில் இருந்தவர்தான். ஆட்சியாளர்கள் எல்லோரும் உணர்ந்திருந்த உண்மை இது.

காசைப் பேசவைக்கும் வழக்கத்தைப் பேரரசர்கள் தொடங்கவில்லை. குடியரசுக் காலத்தில் ஆண்டுதோறும் மூன்று இளைஞர்களை அச்சுச்சாலை அதிகாரிகளாக நியமித்தார்கள். அரசியலில் மேலே ஏறத் துடிக்கும் பெரிய வீட்டுப் பிள்ளைகள் அவர்கள். தெய்வங்களின் படம் மட்டும் இருந்த இடத்தில், கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தங்கள் முன்னோர்களின் பெருமையை அவர்கள் புகுத்தினார்கள். கி.மு. 54இல் அந்தப் பதவிக்கு வந்த மார்க்கஸ் புரூட்டஸ் இரண்டு காசுகளை வெளியிட்டார். ஒன்றில் விடுதலைத் தேவதை லிபர்டாஸின் தலை. பின்புறத்தில், அரசர்களை விரட்டிக் குடியரசை நிறுவியவராகப் போற்றப்பட்ட பழைய புரூட்டஸ் தம் காவலர்கள் சூழ நடந்து செல்கிறார். இன்னொன்றில் அதே முன்னோரின் தலையும், கொடுங்கோலராக முயன்றவரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட தாய்வழி முன்னோர் அஹாலாவின் தலையும். தளபதி பாம்பேயைச் சர்வாதிகாரியாக்கலாம் என்ற பேச்சு ரோமில் அடிபட்டுக்கொண்டிருந்த காலம் அது. இளம் அதிகாரி ஒருவர் தம் நிலைப்பாட்டை ஒவ்வொருவர் கையிலும் வைத்துவிட்டார்.

பத்து ஆண்டுகள் கழித்து, கி.மு. 44இன் தொடக்கத்தில், ஜூலியஸ் சீசரின் முகம் ரோம் நகரக் காசில் வந்தது. உயிரோடிருக்கும் ரோமானியரின் முகம் அந்நகரின் காசில் இடம்பெற்றது அதுவே முதல் முறை. கிரேக்க நாடுகளில் அரசர்கள் நெடுங்காலமாகச் செய்துவந்ததுதான். அரசர் என்ற பேச்சையே வெறுத்த ரோமுக்கு அது பெரும் அதிர்ச்சி. கழுத்தின் சுருக்கங்களையும் ஒட்டிய கன்னத்தையும் மறைக்காத முகம், தலையில் இலைவளையம், சுற்றிலும் 'நிரந்தரச் சர்வாதிகாரி' என்ற பட்டம். மார்ச் 15 அன்று செனட் கூடிய இடத்தில் அவரைக் குத்திக் கொன்றார்கள். சதியின் தலைவர்களில் ஒருவர் புரூட்டஸ்.

அடுத்து வந்த காசுதான் ரோமானியக் காசுகளிலேயே அதிகம் பேசப்பட்டது. கி.மு. 42இல், சீசர் பக்கத்தவர்களான மார்க் ஆன்டனியையும் ஆக்டேவியனையும் எதிர்க்கத் திரட்டிய படைக்குச் சம்பளம் கொடுக்க, தம்மோடு நகர்ந்துகொண்டிருந்த அச்சுச்சாலையில் புரூட்டஸ் அதை அடித்தார். பின்புறத்தின் நடுவில் ஒரு கூம்புத் தொப்பி. அடிமைக்கு விடுதலை தரும்போது அணிவிப்பது. அதன் இருபுறமும் முனை கீழ்நோக்கிய இரண்டு குத்துவாள்கள். கூர்ந்து பார்த்தால் இரண்டின் கைப்பிடிகளும் வெவ்வேறாக இருக்கும். ஒன்று புரூட்டஸுடையது, மற்றது கூட்டாளி காசியஸுடையது என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கீழே 'எய்ட் மார்' என்ற இரு சொற்கள்: மார்ச் 15ஐக் குறிக்கும் தேதி. தம் பெயரைக்கூடப் படிக்கத் தெரியாத வீரருக்கும் புரிந்திருக்கும்: இந்த வாள்களால் இந்த விடுதலை வந்தது. கொலையை மறைக்கவில்லை, மழுப்பவில்லை. கொலையையே தம் தகுதியாக முன்வைக்கிறார். இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் கழித்து எழுதிய வரலாற்றாசிரியர் காசியஸ் டியோவும் இந்தக் காசைக் குறிப்பிட மறக்கவில்லை.

காசைத் திருப்பினால் முன்புறத்தில் இருப்பது புரூட்டஸின் முகம். உயிரோடிருக்கும் ஒருவர் தம் தலையைக் காசில் பொறிப்பது அரசராகும் ஆசைக்கு அடையாளம் என்று கருதியவர்கள் பக்கம் நின்று சீசரைக் கொன்றவர், இரண்டே ஆண்டுகளில் அதையே செய்திருக்கிறார். எனக்கு இதில் புரூட்டஸின் போலித்தனத்தைவிடப் போர்க்களத்தின் நெருக்கடிதான் அதிகம் தெரிகிறது. எதிரணித் தலைவர்களின் முகங்கள் அவர்களுடைய காசுகளில் வந்துகொண்டிருக்கின்றன. கூலிக்குப் போரிடும் வீரருக்குக் குடியரசு என்ற கருத்தைவிடச் சம்பளம் தருபவரின் முகம்தான் நம்பிக்கை தரும். தலைவரின் முகம் இல்லாத காசால் படையைக் கட்டிக்காக்க முடியாத நிலைக்கு ரோம் வந்துவிட்டது. பிலிப்பியில் தோற்ற புரூட்டஸ் தற்கொலை செய்துகொண்டார். இந்தக் காசின் தங்க வடிவத்தில் இன்று தெரியவருபவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் ஒன்று 2020இல் லண்டன் ஏலத்தில் பல கோடி ரூபாய்க்கு விலைபோய், அதன் பூர்வீகம் பொய்யாகக் காட்டப்பட்டது தெரிந்ததும் 2023இல் கிரேக்க நாட்டிடம் ஒப்படைக்கப்பட்டது.

பின்னாளில் அகஸ்டஸ் என்று பெயர் பெற்ற ஆக்டேவியன் இந்தக் கலையை வேறொரு உயரத்துக்குக் கொண்டுபோனார். ஆன்டனியுடன் அவர் நடத்தியது ரோமானியர்கள் ரோமானியர்களைக் கொன்ற உள்நாட்டுப் போர். வென்ற பிறகு வெளியிட்ட காசில் ஆன்டனி இல்லை. ஒரு முதலை இருக்கிறது. 'எகிப்து கைப்பற்றப்பட்டது' என்ற எழுத்து இருக்கிறது. அயல்நாட்டை வென்றதாக ஆகிவிட்டது. அதைவிட நுட்பமானது பார்த்தியாக் காசு. கி.மு. 53இல் ரோமானியத் தளபதி கிராசஸின் படையை அழித்துப் பார்த்தியர்கள் எடுத்துச்சென்ற போர்க்கொடிகளை, கி.மு. 20இல் பேச்சுவார்த்தை மூலம் அகஸ்டஸ் திரும்பப் பெற்றார். போர் நடக்கவில்லை. காசிலோ, ஒரு பார்த்தியர் மண்டியிட்டுக் கொடியை நீட்டுகிறார். மொழி தெரியாதவருக்கும் மண்டியிட்ட உருவம் சரணடைந்தவர் என்று புரியும். அந்தச் சிறிய உருவம் பொய் சொல்கிறது என்று யாரும் நிறுவ முடியாது. கொடிகள் உண்மையில் திரும்பி வந்தனவே.

அவருடைய முகமும் ஒரு பிரசாரம்தான். ஏறத்தாழ 76 வயதில் இறந்த அகஸ்டஸ் தம் கடைசி ஆண்டுக் காசுகளிலும் சுருக்கமில்லாத இளைஞராகவே இருக்கிறார். சீசரின் முதுமை காட்டிய காசோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு பளிச்சென்று தெரியும்.

காசு உரத்துச் சொல்வதற்கும் ஆட்சியின் நடுக்கத்துக்கும் உள்ள உறவை நன்றாகக் காட்டுபவை கி.பி. 69ஐ ஒட்டிய ஆண்டுகள். கி.பி. 68இல் நீரோவுக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்தபோது, பேரரசர் முகமோ பெயரோ இல்லாத காசுகள் மேற்கு மாகாணங்களில் வெளிவந்தன. அவற்றில் ஒன்றில் அதே கூம்புத் தொப்பியும் இரண்டு குத்துவாள்களும்! நூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் புரூட்டஸின் படம் மறக்கப்படாமல் இருந்திருக்கிறது. நீரோ மாண்டதற்கு அடுத்த ஆண்டில் ரோம் நான்கு பேரரசர்களைக் கண்டது. அவர்களில் ஒத்தோ மூன்று மாதங்கள் மட்டும் ஆண்டார். அந்த மூன்று மாதங்களும் வடக்கிலிருந்து விட்டெலியஸின் படை இறங்கி வந்துகொண்டிருந்தது. ஒத்தோவின் காசு 'உலகெங்கும் அமைதி' என்று சொல்கிறது. அவரைத் தோற்கடித்த விட்டெலியஸின் காசில் இரண்டு கைகள் இறுகப் பற்றியிருக்கின்றன. 'படைகளின் விசுவாசம்' என்பது எழுத்து. அதே ஆண்டில் கிழக்கே இருந்த படைகள் வெஸ்பாசியனைப் பேரரசராக அறிவித்துவிட்டன.

நெர்வாவும் அப்படித்தான். கி.பி. 97இல் பேரரசரின் சொந்தக் காவலர்களான பிரிட்டோரியன் காவல்படை அரண்மனையையே முற்றுகையிட்டு, முந்தைய பேரரசர் டொமிஷியனைக் கொன்றவர்களைத் தங்களிடம் ஒப்படைக்க வைத்தது. முதியவரான நெர்வாவால் தடுக்க முடியவில்லை. அவர் ஆட்சிக் காசுகளில் மிகுதியாகக் கிடைக்கும் ஒன்று, கைகோத்த இரு கரங்களும் 'படைகளின் ஒற்றுமை' என்ற எழுத்தும் கொண்டது. இந்தக் காசை மட்டும் கண்ட ஒருவர் ஒற்றுமையான படை இருந்தது என்று வரலாறு எழுதினால் எவ்வளவு தவறாகிவிடும்!

எல்லாமே வெறும் பேச்சு என்றும் முடிவுகட்டிவிடக் கூடாது. கி.பி. 118இல் ஹேட்ரியன் அரசுக்கு வரவேண்டிய 90 கோடி செஸ்டெர்டியஸ் பழைய பாக்கியைத் தள்ளுபடி செய்து, கடன் ஆவணங்களைப் பொதுவெளியில் எரித்தார். பாக்கிக் கணக்குக் குவியலுக்கு ஒருவர் தீப்பந்தம் வைக்கும் காட்சி பித்தளைக் காசில் வந்தது. ரத்தான தொகையும் அதிலேயே இருக்கிறது. நெர்வாவின் இன்னொரு காசில் நுகம் கழற்றிய இரண்டு கோவேறு கழுதைகள் புல் மேய்கின்றன: அரசின் தபால் வண்டிகளுக்கு விலங்குகள் தரும் சுமையிலிருந்து இத்தாலியின் ஊர்கள் விடுபட்டன என்று பொருள். வரிச்சுமை இறங்கியதை இவ்வளவு அழகாகச் சொன்ன அரசு அறிவிப்பு வேறொன்று எனக்கு நினைவுக்கு வரவில்லை.

இதையெல்லாம் மக்கள் பார்த்தார்களா? இது பழைய வழக்கு. 1956இல் வரலாற்றறிஞர் ஏ.எச்.எம். ஜோன்ஸ், காசுப் படங்களுக்கு நவீன நாணயவியலாளர்கள் கொடுக்கும் முக்கியத்துவத்தை அக்கால மக்கள் கொடுத்திருப்பார்களா என்று கடுமையாகக் கேட்டார். 1982இல் பார்பரா லெவிக் வேறொரு கோணத்தைக் காட்டினார்: படங்களைத் தேர்ந்தெடுத்த அதிகாரிகள் மகிழ்விக்க நினைத்தது மக்களை அல்ல, பேரரசரையே, காசு அவருக்கு அவர்கள் நீட்டிய புகழ்மாலை. அரண்மனை நிர்வாகம் நடக்கும் விதத்தை அறிந்தவர்களுக்கு இது நம்பக்கூடிய கருத்தாகவே தோன்றும்.

ஆனாலும் பார்த்தார்கள் என்பதற்குச் சான்றுகள் சிதறிக் கிடக்கின்றன. வரி கட்டலாமா என்று கேட்டவர்களிடம் காசைக் காட்டச் சொல்லி, இதில் இருக்கும் முகம் யாருடையது என்று இயேசு கேட்டதாக நற்செய்தி நூல்கள் சொல்கின்றன. கூட்டத்தில் எல்லோருக்கும் பதில் தெரிந்திருந்தது. ஒருவர் குணத்தைப் பற்றிப் பேசும் தத்துவஞானி எபிக்டெட்டஸ், ட்ராஜன் முத்திரை கொண்ட காசை வாங்கிக்கொள், நீரோவுடையதை எறிந்துவிடு என்ற பொருளில் உவமை சொல்கிறார். டைபீரியஸ் ஆட்சியில், அகஸ்டஸ் முகம் கொண்ட காசோடு கழிப்பறைக்குப் போனது உயிருக்கே உலைவைக்கும் குற்றமாக்கப்பட்டது என்று சூடோனியஸ் எழுதியிருக்கிறார். நெதர்லாந்தின் நைமேகனில் ரோமானியப் படைமுகாம் இருந்த இடத்தில் கிடைத்த காசுகளை ஆராய்ந்த ஃப்ளூர் கெமர்ஸ், வெஸ்பாசியன் காலத்துச் சில்லறைக் காசுகளில் போர் வெற்றியைக் காட்டும் படங்கள் அங்கே கூடுதலாக இருப்பதைக் கண்டார். எந்தப் படம் யாருக்குப் போக வேண்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.

வலுவான சான்று எதிரிகளிடமிருந்து வருகிறது. கி.பி. 70இல் எருசலேம் கோயிலை அழித்த பிறகு, வெஸ்பாசியனும் அவர் மகன்களும் 'யூதேயா கைப்பற்றப்பட்டது' என்ற காசுகளை ஆண்டுக்கணக்கில் அடித்தார்கள்: பேரீச்ச மரம், அதன் அடியில் தலைகவிழ்ந்து அமர்ந்து அழும் பெண். கி.பி. 132இல் பார் கோக்பா தலைமையில் யூதர்கள் எழுந்தபோது, புது உலோகம் தேடவில்லை. புழக்கத்தில் இருந்த ரோமானியக் காசுகளையே பட்டடையில் வைத்து, பேரரசர் முகத்தின் மேலேயே தங்கள் அச்சை அடித்தார்கள். பெரிய வெள்ளிக் காசுகளில் இடிந்துபோன கோயிலின் முகப்பு மீண்டும் எழுந்து நிற்கிறது. பழைய எபிரேய எழுத்தில் 'எருசலேமின் விடுதலைக்காக' என்ற வாசகம். சில காசுகளைச் சாய்த்துப் பிடித்தால் புதிய திராட்சைக் கொத்துக்கு அடியில் பழைய பேரரசரின் பெயரெழுத்துகள் இன்னும் மங்கலாகத் தெரியும். படம் பொருட்டில்லை என்றால் ஒவ்வொரு காசாக எடுத்து அடித்துத் திருத்தும் பாட்டை யார் படுவார்கள்?

ரோமானியர்களே தங்கள் காசுகளைச் சிதைத்ததும் உண்டு. ஸ்பெயினின் பில்பிலிஸ் நகரம் கி.பி. 31இல் டைபீரியஸோடு அதிகாரத்தைப் பகிர்ந்த செஜானஸின் பெயரைக் காசில் பொறித்தது. அதே ஆண்டு அவர் துரோகியென்று கொல்லப்பட, காசுகளிலிருந்து பெயரைச் சுரண்டி எடுத்தார்கள். பேரரசர் காரகல்லா தம் தம்பி கெட்டாவைக் கொன்ற பிறகு, ஆசிய மாகாண நகரங்களில் அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்திருந்த காசுகளில் தம்பியின் முகத்தை மட்டும் மழித்துவிட்டார்கள்.

இதற்கெல்லாம் அடிப்படையாக ஒன்று இருந்தது. காசை வாங்குபவர் முதலில் நம்பியது வெள்ளியை. செய்தி அந்த நம்பிக்கையின் மேல் ஏறிப் பயணம் செய்தது. நீரோ கி.பி. 64இல் ஒரு ராத்தல் வெள்ளியிலிருந்து 84க்குப் பதில் 96 தினாரியஸ் அடிக்கச் செய்து, செம்பையும் கூட்டினார். பேரரசர் செவெரஸ் காலத்தில் வெள்ளி ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. மூன்றாம் நூற்றாண்டின் நடுவில், ஆண்டுக்கொரு பேரரசரைப் படைகள் ஏற்றி இறக்கிய காலத்தில், காசுகள் 'வீரர்களின் விசுவாசம்', 'நித்திய அமைதி', 'உலகை மீட்டவர்' என்று முழங்குகின்றன. வலேரியனின் காசு அவரை 'கிழக்கை மீட்டவர்' என்கிறது, கி.பி. 260இல் அதே கிழக்கில் பாரசீக மன்னர் ஷாப்பூர் அவரை உயிரோடு சிறைபிடித்தார். அடுத்த சில ஆண்டுகளில் வெள்ளிக் காசு என்ற பெயரில் வந்ததில் வெள்ளி நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. செம்பின் மேல் மெல்லிய வெண்பூச்சு.

மக்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு எகிப்தின் ஆக்ஸிரிங்கஸ் நகரக் குப்பைமேட்டில் கிடைத்த பாப்பிரஸ் ஏடு ஒன்று விடை சொல்கிறது. அதுவும் கி.பி. 260ஆம் ஆண்டினது. பேரரசர்களின் புனிதக் காசை வாங்க மனமில்லாமல் காசு மாற்றுவோர் கடைகளை அடைத்துவிட்டார்கள். கடைகளைத் திறக்க வேண்டும், கள்ளக் காசு தவிர எல்லாவற்றையும் வாங்க வேண்டும், மறுத்தால் தண்டனை என்று உள்ளூர் அதிகாரி ஆணையிடுகிறார். பேரரசர் முகம் இருந்தது, தெய்வங்கள் இருந்தன, வாசகங்கள் இருந்தன. வாங்கத்தான் ஆளில்லை.

ரோமானியரல்லாதவர் பார்வையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். கிளாடியஸ் ஆட்சிக் காலத்தில், அன்னியஸ் பிளோகாமஸ் என்பவரால் விடுதலையான அடிமை ஒருவர் காற்றில் அடித்துச் செல்லப்பட்டு இலங்கையில் கரைசேர்ந்த கதையை மூத்த பிளினி எழுதியிருக்கிறார். அவரிடமிருந்த தினாரியஸ்களைப் பார்த்து அந்நாட்டு மன்னர் வியந்தாராம். வெவ்வேறு பேரரசர்களின் முகங்கள் இருந்தும் எல்லாக் காசுகளும் ஒரே எடை! அதிலிருந்தே ரோமானியர்களின் நேர்மையை மன்னர் முடிவுசெய்தார் என்கிறார் பிளினி. முகங்கள் சொல்ல வந்தது எதுவும் மன்னருக்கு எட்டவில்லை, எடை சொன்னது எட்டியது.

தமிழகத்துக்கு வந்த காசுகளும் இதையே சொல்கின்றன. கோயம்புத்தூர் வட்டாரப் புதையல்களில் திரும்பத் திரும்பக் கிடைக்கும் வெள்ளிக் காசுகள் இரண்டு வகை. ஒன்றில் அகஸ்டஸின் பேரர்களும் தத்துப்பிள்ளைகளுமான கையஸும் லூசியஸும் கேடயங்களோடும் ஈட்டிகளோடும் நிற்கிறார்கள்: அடுத்து ஆளப்போகிறவர்கள் இவர்களே என்ற அறிவிப்பு. லூசியஸ் கி.பி. 2இலும் கையஸ் கி.பி. 4இலும் இறந்துபோனார்கள். மேற்குக் கடற்கரைத் துறைமுகங்களில் இறங்கிப் பாலக்காட்டுக் கணவாய் வழியே கொங்கு நாட்டுக்கு இந்தக் காசுகள் வந்த நாளில், அவை சொன்ன வாரிசுச் செய்தி பல முறை செத்துப்போயிருக்கும். மற்றது டைபீரியஸின் காசு. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஏறத்தாழ ஒரே படத்தோடு, மாற்றமே இல்லாமல் அடிக்கப்பட்டது. பிரசாரம் என்று பார்த்தால் மிகச் சோம்பலான காசு. மிளகும் பச்சைக்கல்லும் விற்றவர்களுக்கு அந்த மாறாத தன்மைதான் பிடித்திருக்க வேண்டும்.

1898இல் புதுக்கோட்டைப் பகுதியின் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் கொண்ட புதையல் கிடைத்தது. அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான காசுகள் அவை. பெரும்பாலானவற்றில் கூரிய உளியால் ஓங்கிப் போட்ட வெட்டு ஒன்று இருக்கிறது. அந்த வெட்டு விழுந்திருப்பது பேரரசரின் தலைமேல். பின்புறத் தெய்வங்களை யாரும் தொடவில்லை. தங்கத்தின் தரம் பார்க்கத்தான் வெட்டினார்கள் என்றால் விளிம்பில் ஒரு கீறல் போதும். காசுகளைப் புழக்கத்திலிருந்து விலக்க, உள்ளூர் அதிகாரம் ஏதோ ஒன்று செய்த வேலை இது என்ற கருத்துதான் ஆய்வாளர்களிடம் வலுவாக இருக்கிறது. எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. லத்தீன் எழுத்தில் ஒன்றுகூடப் படிக்கத் தெரியாதவர்களாக அவர்கள் இருந்திருக்கலாம். ஆனால் அந்த வில்லையைக் காசாக்குவது எது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதை மட்டும் வெட்டிவிட்டு, தங்கத்தை எடை குறையாமல் வைத்துக்கொண்டார்கள்.